அவனுக்குப் பெயர் சூட்டாதீர்கள்!



பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்திருந்தான். இப்பொழுது படிவம் நான்கில் பயில்கிறான். ஆறாம் ஆண்டில் என்னிடம் தமிழ் கற்றபோது, பத்து வரி எழுதுவதற்குள் பத்து முறை பென்சில் சீவிய பிள்ளை. அன்றோ, தன் கைப்பட எழுதிய நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை என் முன் வைத்தான். உடன் வந்த தங்கை ஐந்தாம் ஆண்டு மாணவி. அண்ணன் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே முறுக்குக் கடித்துக் கொண்டிருந்தாள்.

குறிப்பேட்டின் தலைப்பு இதுதான்: ‘சௌரோனின் வாய் உண்மையில் யார்?’

ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ புதினத்தில் ஒரேயொரு காட்சியில் தோன்றி மறையும் வில்லன் அவன். அவனுடைய மறைந்துபோன அடையாளத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று உலகெங்கும் வாசகர்கள் பல்லாண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறார்கள். என் மாணவனும் அந்தப் படையில் சேர்ந்துவிட்டான். அவன் உழைப்பைக் கண்டு மகிழ்ந்தேன். அவன் முடிவைக் கண்டு வருந்தினேன். அன்று அவனிடம் அரைகுறையாகச் சொன்னதை இன்று முழுமையாக எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

யார் இந்த ‘வாய்’?

புதினத்தைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் தொகுதியான ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ 1955ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் முதற்பாதியின் இறுதி இயலில் அரகோர்னும் காண்டால்ஃபும் மோர்டோர் நாட்டின் கருங்கதவு வாயிலில் நிற்கிறார்கள். உடன் இருப்பவர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை. வெற்றி பெறும் நம்பிக்கையோடு வந்தவர்களும் அல்லர். எங்கோ இருளுக்குள் மோதிரத்தைச் சுமந்து செல்லும் ஃப்ரோடோவின் பக்கம் பகைவன் கண் திரும்பாதிருக்க வேண்டும் என்பதற்காகத் தங்களையே இரையாக வைத்தவர்கள்.

அப்போது கதவு திறக்கிறது. கறுப்பு உடை, கறுப்புத் தலைக்கவசம், மண்டையோடு போன்ற முகம் கொண்ட குதிரை. பராத்-தூர் கோபுரத்தின் தளபதி தூதனாக வருகிறான். தன்னை அவன் அறிமுகப்படுத்திக்கொள்வது இப்படித்தான்: தான் சௌரோனின் வாய். அவ்வளவே. அவன் பேய் அல்லன், மோதிர ஆவிகளுள் ஒருவனும் அல்லன், உயிருள்ள மனிதன் என்று ஆசிரியர் தெளிவாகவே எழுதுகிறார். கறுப்பு நூமெனோரியர் என்னும் இனத்தில் வந்தவன், இருண்ட கோபுரம் மீண்டும் எழுந்தபோது அதன் பணியில் சேர்ந்தவன், தந்திரத்தால் உயர்ந்தவன், எந்த ஓர்க்கைக் காட்டிலும் கொடியவன். அவன் பெயர் எந்தக் கதையிலும் இல்லை. காரணம், அவனே அதை மறந்துவிட்டான்!

இந்த ஒற்றைச் செய்திதான் ஆராய்ச்சியாளர்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மூன்று ‘கண்டுபிடிப்புகள்’

என் மாணவன் தொகுத்திருந்த கருத்துகளில் முதன்மையானவை மூன்று.

முதலாவது: அவன் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவன், இரண்டாம் யுகத்தில் ஹரத்ரிம் மக்களிடையே அதிகாரம் பெற்ற ஹெருமோர், ஃபுயினூர் என்னும் இரு நூமெனோரியப் பிரபுக்களுள் ஒருவன்தான் அவன். இந்த இரு பெயர்களும் ‘தி சில்மரில்லியன்’ நூலில் இருப்பது உண்மை. ஆனால் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? நூலின் பின்னிணைப்பைப் புரட்டினால், சௌரோன் பராத்-தூரை மீண்டும் எழுப்பத் தொடங்கியது மூன்றாம் யுகம் 2951ஆம் ஆண்டில். கருங்கதவு நிகழ்வு 3019இல். இடைவெளி 68 ஆண்டுகள். நூமெனோர் வழிவந்தோர் நெடுநாள் வாழ்பவர்கள். எதிரே நின்ற அரகோர்னே 2931இல் பிறந்தவர். அன்று அவருக்கு வயது 88. ஆக, தூதனின் வயதை விளக்குவதற்கு எந்த மந்திரமும் தேவையில்லை.

இரண்டாவது: அவன் கோண்டோர் அரியணையைக் கவர்ந்த காஸ்டமிரின் வழித்தோன்றல், உம்பார் துறைமுகத்துக்கு ஓடியவர்களின் பேரன், ஆகவே அரியணைக்கு உரிமை கோரத்தக்க ஒரு மறைமுக இளவரசன். கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1810ஆம் ஆண்டு தெலுமேக்தார் மன்னர் உம்பாரைக் கைப்பற்றிய போரில் காஸ்டமிரின் கடைசி வழித்தோன்றல்களும் மடிந்தார்கள் என்று அதே பின்னிணைப்பு கூறுகிறது. வேரே அறுந்தபின் கிளை எப்படித் தழைக்கும்?

மூன்றாவது: அவன் கையில் ஏதேனும் ஒரு சிறு மாய மோதிரம் இருந்திருக்க வேண்டும், அவன் பாதி ஆவியாகிவிட்டவன். இதற்கு நூலில் ஒரு சொல்கூடச் சான்றில்லை. உயிருள்ள மனிதன் என்று ஆசிரியர் அழுத்திச் சொன்னதற்கு இது நேர் முரண்.

இவற்றை எடுத்துச் சொன்னவுடன் என் மாணவன் மனம் தளரவில்லை. “அப்படின்னா நான்காவது கருத்து ஒன்னு கண்டுபிடிக்கிறேன் ஐயா!” என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கருத்துகள் தவறானவை என்று நிறுவுவதால் பயனில்லை. கேள்வியே தவறானது.

பெயர் வைக்க மறந்தாரா டோல்கீன்?

டோல்கீன் யார்? ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் மொழியும் இலக்கியமும் கற்பித்த பேராசிரியர். இளமையில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிப் பணியில் சொற்களின் வேர்களைத் தோண்டியவர். முதலில் மொழிகளைப் படைத்து, அந்த மொழிகள் உலவுவதற்காகவே ஓர் உலகத்தைப் படைத்ததாகக் கூறியவர். பெயர் என்பது அவருக்கு ஒட்டுத்தாள் அன்று, உயிர்.

அவர் எவற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். வாள்களுக்குப் பெயர் உண்டு: அன்டூரில், கிளாம்டிரிங், ஸ்டிங். காண்டால்ஃபின் குதிரைக்குப் பெயர் உண்டு. மூட்டை சுமக்கும் மட்டக் குதிரைக்கும் ‘பில்’ என்று பெயர் உண்டு. சில பக்கங்களே வந்து சாகும் ஓர்க்குகளுக்கும் ஷாக்ராட், கோர்பாக், உக்லூக், கிரிஷ்னாக் என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. 1937இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ கதையில் ஆட்டிறைச்சி சுட்டுத் தின்னும் மூன்று பூதங்களுக்குக்கூட பெர்ட், டாம், வில்லியம் என்று பெயரிட்டு மகிழ்ந்தவர் அவர்.

இப்படிப்பட்டவர் சௌரோனின் தலைமைத் தூதனுக்கு மட்டும் பெயர் வைக்க மறந்தார் என்று நம்புகிறீர்களா? மறக்கவில்லை. அவர் வேண்டுமென்றே அந்த இடத்தை வெறுமையாக விட்டார். புராணக் காலத்திலும் சில புதிர்கள் புதிர்களாகவே இருக்க வேண்டும் என்று 1954இல் ஒரு கடிதத்தில் டாம் பாம்படில் என்னும் பாத்திரத்தைப் பற்றி எழுதியவர் அவர். பாம்படில் விளக்கப்படாத புதிர். தூதனோ புதிர்கூட அல்லன். அவன் பெயர் ஏன் இல்லை என்பதற்கு ஆசிரியரே விடை கூறிவிட்டார்: அவன் மறந்துவிட்டான். விடை கண்முன்னே கிடக்க, அதைக் கேள்வி என்று எண்ணிக்கொண்டு நாம் நாற்பது பக்கம் எழுதுகிறோம்!

பெயரை இழந்தவர்கள்

இந்தப் புதினத்தில் பெயரை இழந்தவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால்தான் இத்தூதனின் நிலை நமக்குப் புரியும்.

முதலில் கோல்லம். தொண்டையில் எழும் அருவருப்பான ஓசையே அவனுக்குப் பெயராகிவிட்டது. ஆனால் ஃப்ரோடோ அவனை ‘ஸ்மீகல்’ என்று பழைய பெயர் சொல்லி அழைக்கிறான். அதன்பின் அந்த உயிரிடம் சிறிது காலமேனும் ஒரு மாற்றம் தெரிகிறது. தன் பெயரைச் சொல்லி அழைக்க ஒருவர் இருந்ததால் மீட்சிக்கு ஒரு சிறு கதவு திறந்தது.

அடுத்து, மோதிர ஆவிகளான நாஸ்கூல்கள். ஒன்பது பேரும் ஒரு காலத்தில் மனிதர்கள்; அரசர்களும் வீரர்களுமாய் வாழ்ந்தவர்கள். அவர்களுள் ஒருவனுக்கு மட்டுமே ‘காமூல்’ என்ற பெயர் தரப்பட்டுள்ளது. அதுவும் ஆசிரியர் மறைவுக்குப் பின் 1980இல் வந்த நூலில்தான். ஆயினும் அவர்கள் மோதிரத்தின் ஆற்றலால் விழுங்கப்பட்டவர்கள் என்றாவது சொல்லலாம்.

காண்டால்ஃபும் ஒருமுறை தம் பெயரை மறந்தவர்தாம். இறந்து மீண்டு வந்தபின், நண்பர்கள் பெயர் சொல்லி அழைக்கும்போது, பழைய நினைவைத் துழாவி எடுப்பவர்போல் அதை மீண்டும் ஏற்றுக்கொள்கிறார்.

இனித் தூதனைப் பாருங்கள். அவன் சாகவில்லை. மோதிரம் அவனை விழுங்கவில்லை. யாரும் அவன் பெயரைப் பறிக்கவில்லை. அலுவலகத்தில் சேர்பவரைப்போல் ஒரு பணியில் சேர்ந்தான். பதவி உயர்வு பெற்றான். தலைவனின் மனத்தை நன்கு அறிந்தான். ஒவ்வொரு படியாக மேலே ஏறினான். எந்தப் படியில் பெயரைக் கீழே வைத்தான் என்பது அவனுக்கே தெரியாது. அவனைப் பழைய பெயர் சொல்லி அழைக்க ஒரு நண்பனும் இல்லை.

எதிரே நிற்கும் அரகோர்னுக்கோ எத்தனை பெயர்கள்! எஸ்தெல், தோரொங்கில், ஸ்டிரைடர், எலெஸ்ஸார். ஒவ்வொன்றும் அவரை நேசித்த அல்லது ஐயுற்ற மக்கள் வைத்தது. இருவரும் நூமெனோர் வழிவந்தவர்களே. ஒருவர் தம் குடிப்பெயரை மறைத்துக்கொண்டு அலைந்தாலும் ஒருநாளும் மறந்ததில்லை. மற்றவன் மறைக்கவில்லை, மறந்தேவிட்டான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. ‘சௌரோன்’ என்பது அந்தத் தலைவனின் சொந்தப் பெயரே அன்று. வெறுக்கத்தக்கவன் என்னும் பொருளில் பகைவர்கள் இட்ட பெயர். தன் ஆட்கள் அதை எழுதவோ சொல்லவோ அவன் அனுமதிப்பதில்லை என்று அரகோர்னே ஓரிடத்தில் கூறுகிறார். அப்படியிருக்க, இந்தத் தூதன் மட்டும் அதை அடையாளமாகச் சூடிக்கொண்டு வருகிறான். சொந்தப் பெயரைத் தொலைத்தவன், இரவல் வாங்கிய பெயரும் ஒரு வசைச்சொல்!

பெயரின்மை எல்லாம் ஒன்றல்ல

“தமிழிலும் பெயரில்லாப் பாத்திரங்கள் உண்டே, ஐயா” என்று யாரேனும் கேட்கலாம். உண்டு. அகப்பாடல்களில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. அது காதலை எல்லோர்க்கும் பொதுவாக்கும் பெயரின்மை. பெயரை நீக்கியதால் அங்கே மனிதர்கள் குறையவில்லை, பெருகினார்கள்.

பெயர் தொலைந்த புலவர்களும் நமக்கு உண்டு. குறுந்தொகையில் ஒருவர் செம்புலப் பெயல்நீரார். பெற்றோர் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, காலம் அதை அழித்துவிட்டது. ஆனால் அவர் ஆக்கிய உவமை அழியவில்லை. அந்த உவமையையே எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டி வைத்தார்கள் நம் முன்னோர். அவர் பெயர் போயிற்று, சொல் நின்றது. சௌரோனின் வாய்க்கோ பெயரும் போயிற்று. பேசிய சொல்லும் அவனுடையதன்று. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லிக் கொடுப்பது?

திருக்குறளில் தூது என்றே ஓர் அதிகாரம் இருப்பதை நாம் அறிவோம். தூதர்களை இரு வகையினராகப் பிரிக்கிறார் பரிமேலழகர்: தானே வகுத்துக் கூறுபவன், கூறியதைக் கூறுபவன். ஆயினும் தூதனுக்கு வேண்டிய பண்புகளைச் சொல்லப் புகும்போது வள்ளுவர் முதலில் வைப்பது அன்பு. பிறர் செய்தியைச் சுமந்தாலும் சுமப்பவன் மனிதனாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

கருங்கதவுக் காட்சியை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். ஃப்ரோடோவின் மித்ரில் கவசத்தையும், சாமின் சிறுவாளையும், ஒரு சாம்பல்நிற மேலங்கியையும் காட்டி மிரட்டுகிறான் தூதன். அவற்றைக் கண்டு அலறும் பிப்பினின் வேதனை அவனுக்கு வேடிக்கை. தலைவன் சொல்லி அனுப்பிய நிபந்தனைகளை மளமளவென ஒப்பிக்கிறான். அப்போது காண்டால்ஃப் ஒன்று கேட்கிறார்: கைதி எங்கே? அவனைக் கொண்டுவந்து காட்டு. அந்தக் கேள்விக்கு அவனிடம் தயாரான விடை இல்லை. ஒரு கணம் தடுமாறுகிறான். பிறகு சிரித்துச் சமாளிக்கிறான்.

அந்த ஒரு கணத் தடுமாற்றம்தான், ஐயா, அவனுடைய அடையாளம்! எழுதிக் கொடுக்கப்படாத ஒரு கேள்வி வந்தவுடன் உள்ளே பேச ஆளில்லை. நாற்பது பக்கக் குறிப்பேட்டில் இந்தத் தருணம் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. ஹெருமோருக்கு மட்டும் ஆறு பக்கம்.

அவனிடம் சொந்தமாக எதுவுமே எஞ்சவில்லையா என்றால், ஒன்று எஞ்சியிருந்தது. ஐசன்கார்டில் அமர்ந்து மேற்கு நாடுகளை ஆளப்போகிறவன் தான்தான் என்னும் ஆசை அவன் கண்களில் தெரிகிறது. பெயர் போன பின்னும் பதவியாசை போகவில்லை. இதையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

திரைப்படம் செய்த பிழை

பீட்டர் ஜாக்சன் இயக்கிய திரைப்படம் 2003இல் வந்தது. திரையரங்குப் பதிப்பில் இத்தூதன் இல்லை. அடுத்த ஆண்டு வந்த நீட்டிக்கப்பட்ட பதிப்பில் புரூஸ் ஸ்பென்ஸ் அவனாக நடித்தார். கவசம் அவன் கண்களை மறைத்திருக்கும். அழுகிய வாய் மட்டும் தெரியும். மனிதன் போய் வாய் மட்டும் எஞ்சினான் என்பதைக் காட்டிய அந்த ஒப்பனையைப் பாராட்டுகிறேன்.

ஆனால் அடுத்து நடப்பது என்ன? அரகோர்ன் அவன் தலையை வெட்டி வீழ்த்துகிறார்! நூலில் அரகோர்ன் வாளைத் தொடவே இல்லை. கண்ணோடு கண் நோக்குகிறார். தூதன் அடிபட்டவன்போல் பின்வாங்கி, தூதனைத் தாக்கலாகாது என்று கூவுகிறான். இராமாயணத்தில் தூதனாய் வந்த அனுமனைக் கொல்லத் துணிந்த இராவணனை வீடணன் தடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு நல்லரசர் தூதனை வெட்டுவது எப்படி ஏற்புடையதாகும்? நூலில் அவன் அஞ்சிக் கதவை நோக்கி ஓடுகிறான். அதன்பின் அவனுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு சொல்லும் இல்லை. பெயர் இல்லாமல் வந்தான். முடிவும் இல்லாமல் போனான். அதுவே அவனுக்குரிய தண்டனை.

அப்படியானால் தேடவே கூடாதா?

என் மாணவன் கேட்ட நியாயமான கேள்வி இது. தேடலாம். ஆசிரியர் முடிச்சுப் போட்ட இடத்தில் தேடலாம்.

2005இல் வெளிவந்த ஆறாவது ஹாரி பாட்டர் நூலின் முடிவில் ஆர்.ஏ.பி. என்ற மூன்று எழுத்துகளை மட்டும் விட்டுச் சென்றார் ஜே. கே. ரவ்லிங். யார் அவர்? உலகமே ஊகித்தது. கூரறிவுள்ள சிலர் மொழிபெயர்ப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். டச்சு மொழியில் கடைசி எழுத்து மாறியிருந்தது. நார்வே மொழியிலும் ஃபின்னிய மொழியிலும் அப்படியே. ‘பிளாக்’ என்னும் குடும்பப் பெயரை அம்மொழிகளில் கறுப்பு என்று பொருள்படும் வேறு சொற்களால் பெயர்த்திருந்தார்கள். அதற்கேற்ப எழுத்தும் மாறிற்று! வில்லன் கூட்டத்திலிருந்து மனம் மாறிப் பிரிந்த ரெகுலஸ் பிளாக்தான் அவர் என்பது 2007இல் உறுதியாயிற்று. மொழியாசிரியன் என்ற முறையில் அந்த வாசகர்களை எழுந்து நின்று வணங்குவேன். அங்கே ஆசிரியர் கேள்வி வைத்தார்; விடையும் வைத்திருந்தார். கண்டுபிடித்தபோது ஒரு மனிதனின் மனமாற்றம் நமக்குக் கிடைத்தது.

சௌரோனின் வாய் அத்தகையவன் அல்லன். அவனுக்கு ஹெருமோர் என்று பெயரிட்டால் என்ன கிடைக்கும்? ஒரு வம்சாவளிப் படத்தில் ஒரு கட்டம் நிறையும். கதையில் இருந்த அச்சம் போய்விடும். 1980களில் மத்திய உலகத்தை வைத்து விளையாட்டுகள் வெளியிட்ட ஒரு நிறுவனம், பெயரில்லாத மோதிர ஆவிகள் அனைவருக்கும் பெயரும் ஊரும் வரலாறும் எழுதித் தந்தது. விளையாட்டுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்த ஆவிகளிடம் அச்சம் எஞ்சியதா? 2022இல் தொடங்கிய ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரோ, முதல் பருவம் முழுவதும் சௌரோன் யார் என்னும் கண்ணாமூச்சியில்தான் ஓடிற்று. ‘யார் இவன்?’ என்று கேட்பவர்கள் விடை கிடைத்தவுடன் எழுந்து போய்விடுகிறார்கள். ‘ஏன் இப்படி ஆனான்?’ என்று கேட்பவர்களால் அவ்வளவு எளிதில் எழுந்து போக முடியாது.

என் கதை

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று சிலர் வியக்கலாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கல்விச் சுற்றுலா ஏற்பாடாகியிருந்தது. கட்டணம் செலுத்தாத ஒரு மாணவனின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதைத் தாயாரிடம் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. தொழிற்சாலைச் சீருடையோடு, வேலைக்குப் போகும் வழியில் வந்து நின்றார் அந்த அம்மா. அடுத்த வாரம் கட்டிவிடுவதாகச் சொன்னார். “விதிமுறை அப்படிங்கம்மா. பள்ளியோட முடிவு” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். “ஐயா, இதை நீங்க சொல்றீங்களா, அவங்க சொல்லச் சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“அவங்க சொன்னதத்தாம்மா நான் சொல்றேன்” என்றேன்.

அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. பழி என் மேல் இல்லை அல்லவா? அன்று மாலை வீட்டில் சட்டையைக் கழற்றும்போது பையில் இருந்த பணத்தை எண்ணினேன். அந்தக் கட்டணத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. அந்தப் பையன் சுற்றுலாவுக்குப் போகவில்லை.

நான் கொடியவன் அல்லன். யாரையும் துன்புறுத்த எண்ணியவனும் அல்லன். ஆனால் அந்த இரண்டு நிமிடம் நான் ஒரு வாயாக இருந்தேன். என் பெயரை என்னிடம் கேட்டார் அந்தத் தாய். என்னிடம் இல்லை. சௌரோனின் வாய் யார் என்று தேடி உம்பார் வரை நான் போக வேண்டியதில்லை, அன்பர்களே. அந்தத் தடுமாற்றம் எப்படியிருக்கும் என்பதை நான் அறிவேன்.

தங்கையின் கேள்வி

அன்று அண்ணன் தன் மூன்று கருத்துகளையும் விளக்கி முடித்தபோது, முறுக்குத் தின்று கொண்டிருந்த தங்கை தலை நிமிர்ந்தாள். “அண்ணே, அவங்க அம்மா அவர என்னன்னு கூப்பிட்டிருப்பாங்க?” என்று கேட்டாள்.

அண்ணன் சிரித்தான். “அதெல்லாம் புத்தகத்துல இல்ல” என்றான்.

நான் சிரிக்கவில்லை. அண்ணன் தேடியதும் பெயரைத்தான்; தங்கை கேட்டதும் பெயரைத்தான். ஆனால் அண்ணனுக்கு அது துப்பறியும் வேலை. தங்கைக்கோ, ஒரு பிள்ளைக்கு ஆசையாய்ப் பெயர் வைத்த ஒருத்தி எங்கோ இருந்திருப்பாள், அந்தப் பெயர் இப்போது யாருக்கும் தெரியாது என்பது வருத்தம். பின்னிணைப்பு எதையும் படிக்காத பத்து, பதினொரு வயதுப் பிள்ளை, டோல்கீன் எழுதியதைச் சரியாகப் படித்துவிட்டாள்!

முதலாம் ஆண்டு வகுப்பில் முதல் நாள் வருகைப் பதிவேட்டைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று தெரியும். சில பிள்ளைகள் தம் பெயரைக் கூப்பிட்டாலும் பேசாமல் இருப்பார்கள். வீட்டில் ‘பாப்பா’, ‘தம்பி’ என்றே கேட்டுப் பழகியவர்கள். மெல்ல அருகில் சென்று, “இதுதான்டா உன் பேரு” என்று சொல்லிக் கொடுப்போம். சில நாள்களில் கையை உயர்த்தி உரக்க விடை சொல்வார்கள். அந்தப் பெயரைக் கடைசிவரை காத்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதுதான் அதன் பிறகு நாம் நடத்தும் பாடம் எல்லாம்.

ஆகவே, ஆராய்ச்சி செய்யும் இளைஞர்களே, உங்கள் உழைப்பை நான் இகழவில்லை. பின்னிணைப்புகளைப் படியுங்கள், ஆண்டுகளைக் கணக்கிடுங்கள், எழுதுங்கள். ஆனால் சௌரோனின் வாய்க்கு மட்டும் பெயர் சூட்டாதீர்கள். அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவிட்டு, பெயர் இருந்த ஒரு மனிதன் எப்படி அங்கே வந்து சேர்ந்தான் என்று கேளுங்கள்.

என் மாணவன் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். தலைப்பை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறான். என்ன தலைப்பு என்று நான் கேட்கவில்லை. அவன் எழுதட்டும்.

மாற்றுக் கருத்து உடையவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள்.